உங்கள் இலக்கு என்ன? சான் ஃபிரான்சிஸ்கோ சிம்பொனி நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். 2025 ஜூன் 14ஆம் தேதி இரவு உங்கள் இசைக்குழுவின் டேவிஸ் அரங்கில் இசையமைப்பாளர் மாலரின் இரண்டாம் சிம்பொனி முடிந்ததும் எழுந்து நின்று கைதட்டியவர்களில் உங்களில் பலரும் இருந்திருப்பீர்கள். எசா-பெக்கா சலோனென் உங்கள் இசைக்குழுவை வழிநடத்தும் இசை இயக்குநராக நடத்திய கடைசி நிகழ்ச்சி அது. அவர் போய்விட்டார். ஏன் போனார் என்ற கேள்விக்கு மட்டும், அவர் விலகலை அறிவித்த நாளிலிருந்து அந்த இரவு வரை பதினைந்து மாதமாகியும், உங்களிடமிருந்து நேரான பதில் வரவில்லை.

நடந்தது எல்லாம் உங்களுக்குத் தெரியும். 2024 மார்ச்சில் விலகலை அறிவித்தபோது அவர் சொன்ன காரணம் ஒரே வரிதான்: இந்த அமைப்பின் எதிர்காலம் குறித்து நிர்வாகக் குழு வைத்திருக்கும் இலக்குகள் தனக்கு உடன்பாடானவை அல்ல. இருபுறமும் மரியாதையாகப் பிரிந்தோம் என்று சொல்லிவிட்டுப் போக அவரால் முடியாமலில்லை. சொல்லவில்லை. அவருடைய இலக்கு என்னவென்று எங்களுக்குத் தெரியும், மேடையில் பார்த்தோம். உங்கள் இலக்கு என்ன? இந்தக் கடிதத்தில் நான் கேட்க வந்தது அவ்வளவுதான்.

இதை ஏன் தமிழில் எழுதுகிறேன் என்று கேட்கலாம். ஃப்ரீமான்ட், சன்னிவேல் பக்கமிருந்து டேவிஸ் அரங்குக்கு வரும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. டிக்கெட் வாங்குகிறவர்கள், முடிந்தபோது நன்கொடை தருகிறவர்கள். அவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்பதால்தான்.

நீங்கள் போகவிட்ட மனிதர் யார்? ஹெல்சின்கியில் 1958இல் பிறந்தவர். சிபேலியஸ் அகாதமியில் ஹார்ன் வாசிக்கவும் இசை எழுதவும் படித்தார். ரவுதவாரா அங்கே அவருக்கு இசையமைப்பு ஆசிரியர், யோர்மா பனுலா இசைக்குழு நடத்துநர் பயிற்சி தந்தவர். கையா சாரியாஹோ, மாக்னுஸ் லிண்ட்பர்க் போன்ற இசையமைப்பாளர் தோழர்களோடு புதிய இசைக்காக ஒரு சங்கம் நடத்திக்கொண்டிருந்த இளைஞரை 1983இல் உலகுக்குக் காட்டியது லண்டன். ஃபில்ஹார்மோனியா இசைக்குழுவில் மாலரின் மூன்றாம் சிம்பொனியை நடத்த வேண்டியவரால் வர முடியாமல் போக, அந்த ஸ்கோரை (இசைக்குறிப்பை) அதுவரை படித்தே இராத 25 வயதுப் பையன் சில நாட்களில் அதைக் கற்று மேடையேறினார். அன்று வர முடியாமல் போனவர் மைக்கேல் டில்சன் தாமஸ். பின்னாளில் 25 ஆண்டு உங்கள் இசைக்குழுவை வளர்த்தவரும் அவரே. அவருடைய இடத்துக்கே சலோனென் 2020இல் வந்தார்.

நடத்துநர் என்ற பெயர்தான் பெரிதாகத் தெரியும். ஆனால் அவர் அடிப்படையில் இசை எழுதுகிறவர். லாஸ் ஏஞ்சலஸ் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு இதைப் புரிந்துகொண்டது. 1992இல் 34 வயதுக்காரரை இசை இயக்குநராக்கி 17 ஆண்டு கூடவே வைத்திருந்தார்கள். எழுதுவதற்காக 2000இல் அவர் விடுப்பு எடுத்துக்கொண்டபோதும் அந்த உறவு அறுந்துவிடவில்லை. அவர்களுடைய புதிய டிஸ்னி அரங்கத் திட்டம் பணமில்லாமல் ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்தபோதும் அதைக் கைவிடவில்லை. 2003இல் அரங்கம் திறந்தது. 2009இல் அவர் அங்கிருந்து விடைபெற்ற அதே பருவத்தில் எழுதிய வயலின் கான்செர்ட்டோவுக்கு 2012இல் இசையமைப்புக்கான கிராவமேயர் விருது கிடைத்தது. அங்கே 17 ஆண்டு, இங்கே ஐந்து. அந்த ஐந்திலும் முதல் இசைப் பருவத்தின் பெரும்பகுதியைப் பெருந்தொற்று விழுங்கியது.

மிச்சமிருந்த காலத்தில் என்ன செய்தார் என்பதற்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். 2023 ஜூன் 2ஆம் தேதி சாரியாஹோ காலமானார். அதற்கு ஆறு நாள் கழித்து டேவிஸ் அரங்கில் அவர் எழுதிய 'அட்ரியானா மாதர்' என்ற ஓபரா, அதாவது இசை நாடகம், தொடங்கியது, பீட்டர் செல்லர்ஸ் இயக்கத்தில். போர்க்காலத்தில் வல்லுறவுக்கு ஆளாகி, அந்தக் கருவைச் சுமந்து பெற்று வளர்க்கும் ஒரு தாயின் கதை. 2006இல் பாரிஸில் இந்த ஓபராவை முதன்முதலில் நடத்தியவரும் சலோனெனே. மாணவப் பருவத்திலிருந்து கூட இருந்த தோழியை இழந்த வாரத்தில் அவளுடைய இசையை நம் ஊரில் நடத்தினார். அந்த நிகழ்ச்சியின் பதிவுக்குத்தான் 2025 பிப்ரவரியில் சிறந்த ஓபரா பதிவுக்கான கிராமி வந்தது. உங்கள் இசைக்குழுவின் பெயரில் வந்த விருது அது. அதைக் கொண்டுவந்தவர் நான்கு மாதத்தில் கிளம்பிவிட்டார்.

பணமில்லை என்கிறீர்கள். கண்டும் காணாமல் இருக்க முடியாத நிதி நெருக்கடி என்கிறீர்கள். பற்றாக்குறை இருப்பதை நான் மறுக்கவில்லை. நிரந்தர நிதியாக 300 மில்லியன் டாலருக்கு மேல் இருந்தாலும் அதிலிருந்து இஷ்டத்துக்கு எடுத்துச் செலவழிக்க முடியாது என்பதும் தெரியும். சரி, செலவைக் குறைக்கத்தான் வேண்டும். எதை முதலில் வெட்டினீர்கள் என்பதில்தான் எனக்குக் கேள்வி. ஐரோப்பியப் பயணம் போனது. இளைஞர்கள் தேடி வந்த சவுண்ட்பாக்ஸ் என்ற புதுமை இசை நிகழ்ச்சி இரவுகள் சுருங்கின. அப்புறம் கோரஸ், அதாவது இசைக்குழுவோடு சேர்ந்து பாடும் பாடகர் குழு.

கோரஸ் விஷயம்தான் எனக்கு ஆறவில்லை. சுமார் 150 பேர் கொண்ட குழு. 2024இல் அதில் சம்பளம் வாங்கியவர்கள் 32 பேர், மற்றவர்கள் சம்பளமில்லாமல் பாடியவர்கள். அந்த 32 பேரில் ஒவ்வொருவருக்கும் அப்போது ஆண்டுக்குச் சுமார் 22,000 டாலர். சான் ஃபிரான்சிஸ்கோவில் அந்தப் பணம் வாடகைக்கே போதாது. அதிலும் பாதிக்கு மேல் குறைக்கப் பார்த்தீர்கள். 2024 செப்டம்பர் 19 அன்று வெர்டியின் ரெக்வியம் என்ற இரங்கல் இசையைக் கேட்க வர வேண்டிய நாளில், மேடையில் நிற்க வேண்டிய பாடகர்கள் பதாகையோடு வேலைநிறுத்தத்தில் நின்றார்கள். மூன்று நிகழ்ச்சிகளும் ரத்து. கடைசியில் பெயர் சொல்லாத ஒருவர் நான்கு மில்லியன் டாலர் தந்ததால் தற்காலிகமாக ஒரு ஒப்பந்தம் பிறந்தது. அந்தப் புண்ணியவான் வந்திருக்காவிட்டால்?

2025 ஜூனில் மாலரைப் பாடியது அதே கோரஸ். அந்தச் சிம்பொனியில் பாடகர்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் வாய் திறக்காமல் காத்திருக்க வேண்டும். அதன்பின் காதில் விழுந்தும் விழாத குரலில், பக்கவாத்தியத்தின் துணை ஏறக்குறைய இல்லாமல், சுருதி ஒரு இழை பிசகாமல் நுழைய வேண்டும். சத்தமாகப் பாடினால் குறை மறைந்துவிடும். இங்கே மறைக்க எதுவும் இல்லை. 150 பேரும் ஒரே குரலாக ஒலிக்க வேண்டும். தேவைப்படும்போது வெளியிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்து இதைச் செய்ய முடியாது. ஆண்டுக்கணக்கில் சேர்ந்து பாடிப் பழகியவர்களுக்கு மட்டும் வசப்படும் வித்தை இது. அந்த மெல்லிய ஒலிக்குத்தான் நீங்கள் விலை குறைத்துப் பார்த்தீர்கள்.

இந்த விரிகுடாப் பகுதியில் பணத்துக்கா பஞ்சம்? உலகின் பெரும் செல்வந்தர்கள் ஒரு மணி நேரத் தொலைவுக்குள் குடியிருக்கிறார்கள். நான் வேலை பார்க்கும் துறையில் ஒரு செயலியைத் தொடங்கி மூடுவதற்குள் கரைந்துபோகும் தொகையில் ஒரு கோரஸ் பல ஆண்டு பாடும். நூலகம், பள்ளிக்கூட இசை வகுப்பு, நாடக அரங்கு என்று எதை எடுத்தாலும் கணக்குப் பார்க்கும்போது கலைதான் முதலில் வெட்டுப்படுகிறது. இதற்கெல்லாம் உங்கள் குழு மட்டுமே பொறுப்பில்லை என்று தெரியும். ஆனால் இந்த ஊரில் பணம் இருப்பவர்களிடம் போய்க் கேட்கக்கூடிய இடத்தில் இருப்பவர்கள் நீங்கள்தானே. கேட்பதற்கும் உங்களிடம் ஒரு கனவு இருக்க வேண்டும். பற்றாக்குறையைக் காட்டி யாரும் நன்கொடை வாங்கிவிட முடியாது. இன்னதைச் செய்யப் போகிறோம் என்று சொன்னால்தான் கை நீளும். உங்கள் இலக்கு என்ன என்று நான் மறுபடி மறுபடி கேட்பது இதனால்தான்.

உங்கள் இசைக்கலைஞர்களும் இதையே கேட்டார்கள். அரங்க வாசலில் நின்று எங்கள் கையில் துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள். அன்றாடம் மேடையேறுகிறவர்கள் தங்கள் நிர்வாகத்திடம் பேச வழியில்லாமல் பார்வையாளர்களிடம் முறையிடும் நிலை வந்ததை எண்ணி நீங்கள் வருந்தியிருக்க வேண்டும்.

சலோனென் திரும்பி வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்த வாய்ப்பு முடிந்துவிட்டது. அடுத்த இசை இயக்குநர் யாராக இருந்தாலும் நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த பத்தாண்டில் இந்த இசைக்குழு என்னவாக வேண்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்களோ அதை எழுத்தில் வெளியிடுங்கள். புதிய படைப்புகளுக்கு எவ்வளவு ஒதுக்குவீர்கள், கோரஸின் சம்பளத்தை எந்த நன்கொடையாளரையும் நம்பாமல் எப்படிக் காப்பீர்கள், இசை இயக்குநர் தேர்வில் இசைக்கலைஞர்களுக்கு என்ன இடம் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். வெளியிட்ட பிறகு, டேவிஸ் அரங்கிலேயே ஒரு மாலை சந்தாதாரர்களை அழைத்து உட்கார வைத்து எங்கள் கேள்விகளைக் கேளுங்கள். புதிதாக வருகிறவரும் அதைப் படித்துவிட்டு, உடன்பாடு என்றால் கையெழுத்திடட்டும்.

உங்களில் பலர் சொந்தப் பணத்தையும் நேரத்தையும் இந்த அமைப்புக்காகத் தருகிறவர்கள். அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. அதனால்தான் சந்தாவை ரத்து செய்யாமல் கடிதம் எழுதுகிறேன். புதிய பருவம் தொடங்குவதற்குள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

மரியாதையுடன்,
மாடி வரிசையில் அமரும் ஒரு சந்தாதாரர்