அறிவுசார் மாற்றுத்திறனாளர் தடகளப் பிரிவு: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், பிள்ளைகளை அழைத்துவந்திருக்கும் பெற்றோர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழு கலைந்தபோது ஒரு தாய் என்னை நிறுத்திக் கேட்டார்: "என் மகள் நன்றாகத்தான் ஓடுகிறாள் சார். ஓடி எதுவரை போவாள்?" அன்று நான் ஏதோ சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டேன். முறையான பதிலை இந்த அறிக்கையில் எழுத விரும்புகிறேன்.

தெலங்கானாவில் வாரங்கல் பக்கம் கல்லெடா கிராமத்தில் கூலித் தொழிலாளர் வீட்டில் பிறந்தவர் தீப்தி ஜீவாஞ்சி. ஊராரின் ஏளனத்தைக் கேட்டு வளர்ந்தவர். முதலில் பொதுப் போட்டிகளில்தான் ஓடினார். பயிற்சியாளர் நாகபுரி ரமேஷின் பார்வையில் பட்டு, முறையான பரிசோதனைகளுக்குப் பிறகே, அறிவுசார் மாற்றுத்திறனாளர்களுக்கான டி20 பிரிவுக்கு வந்தார். 2023 ஹாங்சோ ஆசிய பாரா விளையாட்டில் 400 மீட்டர் தங்கம். 2024 மே மாதம் கோபே உலகப் போட்டியில் 55.07 விநாடி, அன்றைக்கு அது உலக சாதனை. செப்டம்பர் 3 அன்று பாரிஸ் பாராலிம்பிக்கில் 55.82 விநாடியில் வெண்கலம். அந்த இறுதிப் போட்டியை நம் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்ததையே இவ்வாண்டின் முதன்மை நிகழ்வாகப் பதிவு செய்கிறேன்.

அந்தப் பரிசோதனையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2000 சிட்னி பாராலிம்பிக்கில் அறிவுசார் மாற்றுத்திறனாளர் பிரிவில் ஸ்பெயின் கூடைப்பந்து அணி பெரும்பாலும் குறைபாடே இல்லாதவர்களைக் கொண்டு தங்கம் வென்றது தெரியவந்ததும், இப்பிரிவு முழுவதுமே பாராலிம்பிக்கிலிருந்து நிறுத்தப்பட்டது. 2012 லண்டனில்தான் மீண்டும் சேர்த்தார்கள். யாரோ செய்த மோசடிக்கு நம் பிள்ளைகளைப் போன்றவர்கள் தங்கள் இளமையைக் கொடுத்தார்கள். இதை எழுதும்போதும் மனம் கொதிக்கிறது. அதனால்தான் இன்று நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) 75 அல்லது அதற்குக் கீழ் என்பதோடு, அன்றாட வாழ்வில் உள்ள சிரமங்களுக்கும், அவை வளரும் பருவத்திலேயே தொடங்கின என்பதற்கும் உளவியலாளரின் முழு அறிக்கை கேட்கிறார்கள். இவ்வாண்டு நம் மாணவர் ஒருவர், சான்றிதழ் இருந்தும் இந்த விரிவான அறிக்கை இல்லாததால் தேர்வுப் போட்டியில் நிற்க முடியவில்லை. முன்கூட்டியே கவனித்திருக்க வேண்டிய பொறுப்பு செயலாளரான எனக்குத்தான்.

இன்னொன்று: பாராலிம்பிக் தடகளத்தில் இப்பிரிவுக்கு இருப்பவை 400 மீட்டர், 1500 மீட்டர், நீளம் தாண்டுதல், குண்டு எறிதல் மட்டுமே. நூறு மீட்டரில் பறக்கும் பிள்ளைக்கு அங்கே பந்தயமே இல்லை. எனவே சிலரை 400 மீட்டருக்கு மாற்றினோம்.

அதில் சிக்கல் கால்களில் இல்லை, நிதானத்தில்தான். ஒரு மாணவி முதல் 200 மீட்டரிலேயே பலம் முழுவதையும் கொட்டிவிடுவாள். நம் பயிற்சியாளர் இரண்டாம் வளைவின் ஓரத்தில் ஒரு மஞ்சள் துணியைக் கட்டி, "துணியைப் பார்த்த பிறகு வேகம்" என்று சொல்லிக்கொடுத்தார். இரண்டே மாதத்தில் பிடித்துக்கொண்டாள். ஆனால் வேறு மைதானத்தில் நடந்த போட்டியில் பாதி வழியில் ஓட்டத்தைத் தளர்த்தி, துணியைத் தேடினாள். கடைசியாக வந்தாள். மறுநாளே பயிற்சியாளர் துணியை அவிழ்த்துவிட்டு, எல்லா மைதானத்திலும் இருக்கும் வளைவுக் கோட்டையே அடையாளமாகப் பழக்கத் தொடங்கினார். இப்போது கோட்டைத் தாண்டும்போது தானே "இப்போ" என்று முணுமுணுத்துக்கொண்டு ஓடுகிறாள்.

செயற்குழு மாதந்தோறும் தவறாமல் கூடியது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். எல்லா மாணவர்களுக்கும் உளவியலாளர் அறிக்கை பெறும் செலவைச் சங்கமே ஏற்க வேண்டும் என்ற தீர்மானத்தை இப்பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்