கல்முனை நானாவுக்கும் மற்ற எல்லாருக்கும்

வெள்ளத்தில் நனைந்த அக்காவின் 14 கவிதைக் கொப்பிகளில் 8 இப்போது வாசிக்கக்கூடிய நிலையில் இருக்கின்றன, 2 இன்னும் உறைந்தபடி. அவர் வரைந்த 9 படங்களில் 7 தப்பிவிட்டன. அக்காவின் வீட்டுக்கு என்ன நடந்தது என்பது படுவான்கரையில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள எங்கள் ஊர்களில், எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுவோம்.

முதல் நன்றி ஒரு மீன் பெட்டிக்கும் அதன் சொந்தக்காரருக்கும்.

நனைந்த தாளில், எங்கள் பக்கத்துப் புழுக்கத்தில், 48 மணித்தியாலத்துக்குள் பூஞ்சணம் தொடங்கிவிடும். தடித்த அட்டை போட்ட 14 சீ.ஆர். கொப்பிகளை அதற்குள் தாள் தாளாக உலர்த்த எவராலும் ஏலாது. உறையவைப்பதுதான் வழி. குளிரில் பூஞ்சணம் சாகாது, ஆனால் வளராது. மையும் அதற்குமேல் கசியாது. பிறகு ஒவ்வொன்றாக எடுத்து ஆறுதலாகப் பார்க்கலாம். அக்கா ஊற்றுப்பேனைக்காரி, பயமே அதுதான். போல்பொயின்ற் பேனை என்றால் பெரும்பாலும் தாங்கும், பென்சில் என்றால் கவலையே இல்லை.

கல்முனையில் மீன் வியாபாரம் செய்யும் நானாவிடம் (முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) போனது ஐஸ் கட்டி வாங்கத்தான். எதற்கு என்று கேட்டார், சொன்னோம். "ஐஸுக்குள்ள வெச்சா அது கரைஞ்சி கொப்பி இன்னும் நனையுமே மகன், பெட்டிக்குள்ள வைங்க" என்றார். இருந்த இரண்டு பிறீசரில் ஒன்றை அன்றிரவே காலியாக்கினார். மீன் கிடைக்காத கிழமை அது. அந்தப் பெட்டிக்குள் இருந்த இடத்துக்கு என்ன விலை என்பது வியாபாரிக்குத்தான் தெரியும். உப்பும் தேசிக்காய்க் கோதும் போட்டுத் தேய்த்துக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் கொப்பிகளை உள்ளே வைக்கவிட்டார்.

கொப்பிகளை விரிக்காமல், சேறு இருந்தாலும் தேய்க்காமல், ஒவ்வொன்றையும் சோறு கட்டும் மெல்லிய பிளாஸ்டிக் தாளான லன்ச் சீற்றில் இரண்டு மடிப்பாகச் சுற்றி, தைத்த முதுகு கீழே இருக்கும்படி நெருக்காமல் நிறுத்தினோம். நெருக்கினால் தாள் வளைந்தபடியே உறைந்துவிடும். வாசனை ஏறாமல் இருக்கவும், ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கவும்தான் அந்தச் சுற்று. மீதி இடத்தைத் தண்ணீர்ப் போத்தல்களால் நிரப்பியது நானாவின் யோசனை. நிறைந்த பெட்டி கரண்ட் போனாலும், மூடியைத் திறக்காவிட்டால், இரண்டு நாள்வரை குளிரைப் பிடித்து வைத்திருக்கும். அரைவாசி என்றால் ஒரு நாள்தான். கரண்ட் போன இரவுகளில் மூடிக்கு மேல் காய்ந்த சாக்குகளை அடுக்கிவிட்டு, மார்க்கரால் "தொறக்காதீங்க" என்று எழுதி ஒட்டியிருந்தார். புத்தகம் பேணுகிறவர்கள் கைநூல் பார்த்துச் செய்வதை அவர் மீனிடம் படித்திருக்கிறார். காசு கேட்கவில்லை. கொடுக்கப் போனபோது கோபப்பட்டார், அதனால் அந்தப் பேச்சை விட்டுவிட்டோம்.

வெளியே எடுத்தது ஒரு நாளைக்கு இரண்டு கொப்பி மட்டும். குளிர் விட்டதும் பத்துத் தாளுக்கு ஒன்றாக அச்சடிக்காத வெள்ளைத் தாளை இடையில் வைத்து, சில மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். செருகும் தாள் அதிகமானால் முதுகு பிளந்துவிடும். பழைய பத்திரிகை வேண்டாம், அதன் மை கவிதைக்கு மேல் ஏறும். ஓரளவு காய்ந்ததும் விசிறி போல விரித்து நிறுத்தி, மின்விசிறியைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டால் போதும். கடைசியாகப் பலகைக்கு இடையில் பாரம் வைத்தால் நெளிவு குறையும்.

முதல் நாளே 4 கொப்பிகளை யாரோ நல்ல மனத்தோடு மதிலில் வெயிலுக்கு விரித்துவிட்டார்கள். தாள்கள் அப்பளம் போல நெளிந்து, ஓரத்தில் ஒட்டி, மை மங்கிவிட்டது. அவர்களைக் குறை சொல்லவில்லை, நனைந்ததை வெயிலில் போடுவதுதானே எங்கள் வழக்கம். அதில் ஒன்றில்தான் அம்மம்மாவின் களத்துச் சொற்கள் இருந்தன: சூடு (கதிர்க் குவியல்), பரண், வட்டை (வயல்வெளி), நெல்லென்று சொல்லாமல் பொலியென்று சொல்லும் அந்தப் பேச்சு. இருட்டறையில் ரோர்ச்சைத் தாளோடு தாளாகச் சரித்துப் பிடித்தால், மை போன இடத்திலும் பேனை முனை அழுத்திய தடம் நிழலாகத் தெரிகிறது. அப்படிப் பார்த்து 23 பக்கம் மீட்டிருக்கிறோம். அக்கா அழுத்தி எழுதுகிறவர் என்பது இப்போது உதவுகிறது.

படங்களை மீன் பெட்டிக்குள் வைக்கவில்லை. அக்ரிலிக் குளிரில் நொறுங்கும். அக்கா நெல்லுச் சாக்கை இழுத்துக் கட்டி அதில் வரைகிறவர். சாக்கு நனைந்தால் இறுகும், காய்ந்தால் தளரும், அந்த அசைவில் அடிப்பூச்சு வெடிக்கும். சட்டத்திலிருந்து கழற்றாமல், படம் மேலே பார்க்க, நிழலில் கட்டையில் ஏற்றி வைத்ததால்தான் 7 படம் தப்பின. கண்ணாடியில் ஒட்டிப்போன இரண்டையும் யாரும் இழுக்கவில்லை, அப்படியே காத்திருக்கின்றன.

வெல்லாவெளியிலிருந்து பட்டிருப்புப் பாலம்வரை உழவு மிசினில் கொப்பிப் பெட்டிகளை ஏற்றி வந்த தம்பிமாருக்கும், தாள் மாற்ற இரவிரவாக இருந்த பிள்ளைகளுக்கும், வெள்ளைத் தாளை விலை குறைத்துத் தந்த அச்சகத்துக்கும், சாப்பாடு அனுப்பிய வீடுகளுக்கும், தூரத்தில் இருந்து போன் எடுத்தவர்களுக்கும் நன்றி. ஒவ்வொருவராக எழுதினால் இந்த மடல் முடியாது.

இனிமேல் கொப்பிகள் நிலத்தில் இருக்காது. இடுப்புக்கு மேலே ஒரு தட்டு அடித்தாகிவிட்டது. ஒவ்வொரு பக்கமும் ஸ்கேன் எடுக்கப்படும், ஒரு பிரதி வாவிக்கு அந்தப் பக்கம் எழுவான்கரையில் இருக்கும்.

இன்னும் இரண்டு கொப்பிகள் நானாவின் பெட்டிக்குள்தான். பொங்கல் கழிந்து எடுப்போம். அதுவரை அவரிடம் மீன் வாங்கப் போகிறவர்கள் மற்றப் பெட்டியில் கேளுங்கள்.