எச்.ஐ.வி. தாயிடமிருந்து பிள்ளைக்குப் பரவாமல் தடுக்கலாம் என்பதைப் பள்ளியில் சொல்லித்தரக் கோரி மூன்றாவது மனு

பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்
அனுப்புநர்: ஏழாம் வகுப்பு மாணவியின் தாய் (பெயர், முகவரி தனித்தாளில்)

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே விஷயமாகத் திங்கட்கிழமை குறைதீர் நாளில் இரண்டு மனு கொடுத்தேன். ரசீது இருக்கிறது, பதில் இல்லை. வாய்க்கால் பாலம் தாண்டியிருக்கும் எங்கள் பள்ளி தாங்கள் அறிந்ததுதான். ஆண்டு விழாவுக்கு வந்திருக்கிறீர்கள்.

1. எனக்கு எச்.ஐ.வி. உண்டு. 2014-ல் கர்ப்பமாக இருந்தபோது நம்பிக்கை மையத்தில் (அரசின் எச்.ஐ.வி. பரிசோதனை, ஆலோசனை மையம்) தெரியவந்தது. அன்றிலிருந்து எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரையை விட்டதில்லை. மகள் பிறந்ததும், அவளுக்குத் தொற்றாமல் தடுக்க ஆறு வாரம் நெவிரபின் மருந்து கொடுத்தேன். 18-வது மாதப் பரிசோதனையில் அவளுக்குத் தொற்று இல்லை என்று உறுதியானது.

2. என் விஷயம் எப்படியோ வகுப்பில் தெரிந்துவிட்டது. "உங்கம்மாவுக்கு இருந்தா உனக்கும் இருக்கும்" என்கிறார்கள். சத்துணவு வரிசையில் அவளுக்கு முன்னும் பின்னும் இடம் விட்டு நிற்கிறார்கள். எல்லாரும் தட்டு கழுவிய பிறகுதான் குழாய்ப் பக்கம் போக முடிகிறது. மூன்று வாரமாக மதியம் சாப்பிடாமலே வீட்டுக்கு வருகிறாள் ஐயா. ஒருநாள் ராத்திரி கேட்டாள்: "எனக்குக் குழந்தை பிறந்தா அதுக்கும் வருமாம்மா?" தொற்றே இல்லாத பிள்ளை கேட்கிறாள்!

3. அந்தப் பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை. தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவும் என்பது மட்டும் அவர்கள் காதில் விழுந்திருக்கிறது. தடுக்க முடியும் என்ற மீதியை யார் சொன்னார்கள்? சிகிச்சை இல்லாவிட்டால் 100 குழந்தைகளில் 15 முதல் 45 பேருக்குப் பரவலாம். தாயும் குழந்தையும் முறையாக மருந்து எடுத்தால் 5-க்கும் கீழே வந்துவிடும். இதைச் சொல்ல ஒரு பீரியட் போதாதா?

4. எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் பள்ளியிலும் பாகுபாடு கூடாது என்று 2017-ல் சட்டம் வந்தது. சட்டம் இருக்கிறது, என் மகள் பட்டினியாக வருகிறாள். இன்னும் எத்தனை மனு எழுத?

5. பள்ளி முடித்ததும் கல்யாணம் ஆகிற பெண்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். கர்ப்பமான உடனே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பதை ஏழாவது மாதத்திலா தெரிந்துகொள்வது?

ஐயா, நம்பிக்கை மைய ஆலோசகரை ஒரு நாள் எங்கள் பள்ளிக்கு அனுப்புங்கள். ஆண் பிள்ளைகளையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசச் சொல்லுங்கள். என் மகளைச் சுட்டிக்காட்டாமல் பேசட்டும். கெஞ்சிக் கேட்கிறேன், அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் அந்த ஒரு வகுப்பை நடத்தித் தாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய்