பின்சீட்டில் இருப்பவருக்கும் கழுத்து உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வாகனப் பக்கத்தில், நீண்ட பயணத்துக்குக் காரைத் தயார் செய்வது பற்றிய கட்டுரையில் ஒரு வரி வந்திருக்கிறது. பின்சீட் ஹெட்ரெஸ்டுகளை, அதாவது சீட்டின் மேல் தலைக்குப் பின்னால் நிற்கும் திண்டுகளை, கழற்றி வைத்துவிட்டால் டிரைவருக்குப் பின்பக்கம் நன்றாகத் தெரியுமாம், குழந்தைகளுக்கும் முன்னால் பார்த்துக்கொண்டு வர வசதியாம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து உங்கள் பத்திரிகையை வாங்குகிறேன். இதில் அச்சானால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற வீடுகள் எங்கள் தெருவிலேயே பல. அந்த நம்பிக்கையில் யார் யார் ஹெட்ரெஸ்டைக் கழற்றிப் பரணில் போட்டார்களோ என்று நினைக்கும்போது மனம் பதறுகிறது.

ஹெட்ரெஸ்ட் சாய்ந்து தூங்குவதற்கு வைத்தது இல்லை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. நிற்கிற காரைப் பின்னாலிருந்து ஒரு வண்டி இடித்தால், சீட் நம் முதுகை முன்னால் தள்ளும். தலை மட்டும் இருந்த இடத்திலேயே நின்றுவிடும். நடுவில் மாட்டிக்கொள்வது கழுத்து. அதன் கீழ்ப்பகுதி ஒரு பக்கமும் மேல்பகுதி எதிர்ப்பக்கமும் வளைகிறது, அதன் பிறகு தலை பின்னால் மடிகிறது. இடித்த சத்தம் கேட்டு நாம் சுதாரிப்பதற்கு முன்பே இது முடிந்துவிடுகிறது. தலைக்குப் பின்னால் நெருக்கமாக ஹெட்ரெஸ்ட் நின்றால், முதுகோடு சேர்ந்து தலையும் முன்னால் வரும், கழுத்து தப்பும். அது தாழ்ந்திருந்தால் தலை அதற்கு மேலாகப் பின்னால் மடங்கும். கழற்றியே வைத்துவிட்டால் தடுக்க ஒன்றுமே இல்லை.

இதை நான் எங்கோ படித்துவிட்டு எழுதவில்லை. சில வருடங்களுக்கு முன் என் நாத்தனாரும் நானும் ஒரு வாடகைக் காரில் ஜி.எஸ்.டி. சாலையில் வந்துகொண்டிருந்தோம். நான் முன்சீட்டில், அவர் பின்சீட்டில். அந்தக் காரில் புது சீட் கவர் போட்டபோது பின்சீட் ஹெட்ரெஸ்டுகளை எடுத்துவிட்டிருந்தார்கள். சிக்னலில் நின்றபோது ஒரு மினி லாரி பின்னால் வந்து இடித்தது. பெரிய வேகம் கிடையாது. பம்பர் நசுங்கியதோடு சரி, யாருக்கும் ஒரு சொட்டு ரத்தம்கூட வரவில்லை. டிரைவர் மறுநாளே வண்டி எடுத்தார். எனக்கு இரண்டொரு நாள் தோள்வலி, அப்புறம் சரியாகிவிட்டது. நாத்தனாருக்கோ மறுநாள் காலையில்தான் வலியே தொடங்கியது. எழுந்தவர் தலையைத் திருப்ப முடியாமல் அழுதார்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு நன்றாக இருக்கிறது, ஒன்றுமில்லை என்றார்கள். தசையிலும் தசைநாரிலும் ஏற்படும் காயம் எக்ஸ்ரேயில் தெரியாது என்று பிசியோதெரபிக்குப் போன இடத்தில்தான் எங்களுக்கு விளக்கினார்கள். அதற்குள் சொந்தக்காரர்களே "வேலை செய்யாமல் இருக்க ஒரு சாக்கு" என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். எலும்பு முறிவு இல்லையே, அப்புறம் எதற்கு இழப்பீடு என்று இன்சூரன்ஸ் ஆளும் கேட்டார். என் நாத்தனார் தையல் வேலை செய்து பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். மெஷினில் குனிந்து ஒரு ரவிக்கை தைத்து முடிப்பதற்குள் கழுத்திலிருந்து தலைவரை வலி ஏறும். மெஷினை மூடி வைத்துவிட்டார். கட்டுரை எழுதியவர் அந்த வரியை அவர் எதிரில் படித்துக் காட்டட்டும்.

உங்கள் வாகனப் பக்கத்தின் மேல் எனக்குப் பழைய வருத்தமும் உண்டு. புது கார் வந்தால் தொடுதிரை எத்தனை அங்குலம், சன்ரூஃப் எவ்வளவு பெரியது என்று பத்தி பத்தியாக வருகிறது. பின்சீட் ஹெட்ரெஸ்ட் ஏற்றி இறக்கக்கூடியதா, நடு இருக்கைக்கு உண்டா என்று ஒரு வரி பார்த்ததில்லை. 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பால்கர் அருகே விபத்தில் இறந்தபோது பின்சீட் பெல்ட் பற்றி நாடே பேசியது, நீங்களும் எழுதினீர்கள், நல்லது. பின்சீட்காரரின் கழுத்தைப் பற்றி அப்போதும் பேச்சில்லை. பெயிண்ட் அடிக்காத வேகத்தடைகளில் வண்டிகள் திடீரென்று நின்று பின்னால் வருபவை மோதுவதைப் பற்றி ஒரு கடிதம் எழுதினேன். அது வரவே இல்லை. ஆனால் ஹெட்ரெஸ்டில் கட்டித் தொங்கவிடும் கழுத்துத் தலையணை விளம்பரம் மட்டும் தவறாமல் வருகிறது. அரசாங்க அதிகாரிகளின் கார்களில் சீட்டுக்கு வெள்ளைத் துண்டு போர்த்துகிற அக்கறையில் கொஞ்சம், ஹெட்ரெஸ்டைத் தலை உயரத்துக்கு ஏற்றுவதில் இருந்தால் போதும்.

இது ஒன்றும் புதிய கண்டுபிடிப்பும் இல்லை. அமெரிக்காவில் 1969 ஜனவரி முதல் புதிய கார்களின் முன்சீட்டுகளுக்கு ஹெட்ரெஸ்ட் கட்டாயம். பிற்பாடு அங்கே வந்த விதியில், தலைக்கும் அதற்கும் இடையே 55 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது என்று அளந்தே சொல்லிவிட்டார்கள். முதுகு சீட்டில் அழுந்தியதும் ஹெட்ரெஸ்ட் தானே மேலேயும் முன்னேயும் நகர்ந்து தலையைத் தாங்கும் அமைப்பை 1997-இல் சாப் கார் நிறுவனம் கொண்டுவந்தது. அடுத்த வருடம் வோல்வோ நிறுவனம், பின்னாலிருந்து இடிக்கும்போது சீட்டே கொஞ்சம் பின்னால் நகர்ந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும்படி செய்தது. கார்களின் பாதுகாப்பைச் சோதித்து மதிப்பிடும் நம் பாரத் என்சிஏபி திட்டம் 2023 அக்டோபரில் வந்தது. முன்னாலும் பக்கவாட்டிலும் மோதிப் பார்த்து நட்சத்திரம் தருகிறார்கள், பின்னாலிருந்து இடிப்பதற்குச் சோதனை இல்லை. இதை நீங்கள் கேட்டு எழுதியிருக்க வேண்டும் ஐயா. உங்களுக்கு அந்தச் செல்வாக்கு இருக்கிறது.

பின்சீட்டில் ஆள் இல்லாதபோது டிரைவரின் பார்வைக்காக ஹெட்ரெஸ்டைக் கீழே இறக்கி வைப்பதில் தவறில்லை. சில குழந்தை இருக்கைகளைப் பொருத்தும்போது கழற்றச் சொல்லி அதன் கையேட்டிலேயே போட்டிருப்பார்கள், அதுவும் சரி. ஆள் உட்கார்ந்தால் ஏற்றியாக வேண்டும். காருக்குள் மாட்டிக்கொண்டால் ஜன்னல் கண்ணாடியை உடைக்கத்தான் ஹெட்ரெஸ்டைக் கழற்றும்படி செய்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வருவதையும் அடுத்த கட்டுரையில் போட்டுவிடாதீர்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். அந்த வரி தவறு என்று அடுத்த இதழின் வாகனப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் போடுங்கள். கூடவே ஒரு சின்னப் படம்: ஹெட்ரெஸ்டின் மேல் விளிம்பு உச்சந்தலை மட்டத்துக்கு, முடியாவிட்டால் காதின் மேல்நுனிக்காவது வர வேண்டும், தலைக்குப் பின்னால் முடிந்தவரை நெருக்கமாக இருக்க வேண்டும் என்று. இடமில்லை என்றால் என் கடிதத்தை வெட்டிவிட்டு அந்தப் படத்தை மட்டும் போடுங்கள்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகி,
செங்கல்பட்டு