அணைய மறுக்கும் டிரான்சிஸ்டர்

அன்பு நண்பா,

இங்கு அனைவரும் நலம். உன் முட்டி வலி குறைந்ததா? சுங்கை சிப்புட்டில் ஒரு வாரமாகச் சாயங்காலம் ஆனால் மழை பிடித்துக்கொள்கிறது. கடைக்கு வருகிறவர்கள் குறைவு. அதனால்தான் ஆற அமர எழுத முடிகிறது.

போலிடெக்னிக் விடுமுறைக்கு வந்த மகள் என் கணினியில் எல்டிஸ்பைஸ் ஏற்றிக் கொடுத்தாள். மின்சுற்றைக் கட்டாமலே கணினியில் ஓட்டிப் பார்க்கும் மென்பொருள் அது. இலவசம்தானாம். இதற்கெல்லாம் தாயான ஸ்பைஸ் 1970களின் தொடக்கத்திலேயே பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிறந்துவிட்டது. நமக்குத்தான் இத்தனை காலம் கண்ணில் படவில்லை.

முதலில் சின்னதாக ஒரு டிரான்சிஸ்டர் சுவிட்ச் போட்டேன். பேஸ் என்ற காலில் சிக்னல் கொடுத்தால், கலெக்டர் என்ற காலில் மின்னோட்டம் பாயும். 5 வோல்ட், கலெக்டரில் 1 கிலோ ஓம், பேஸில் 1 கிலோ ஓம். பேஸுக்கு ஒரு ஸ்டெப் சிக்னல்: 0 வோல்ட்டிலிருந்து ஒரே எட்டில் 5, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி 0. ஏறும் நேரத்தைப் பூஜ்யம் என்று விடாதே. மென்பொருள் தானாக ஒரு நேரத்தை வைத்துக்கொள்ளும். 1 நானோ விநாடி என்று நீயே எழுதிவிடு.

டிரான்சிஸ்டர் வேலை செய்ததும் கலெக்டர் வோல்ட்டேஜ் அப்படியே செங்குத்தாக விழுந்தது, அணைந்ததும் செங்குத்தாக ஏறியது. எனக்குச் சந்தேகம் வந்தது. பார்த்தால், பெயர் இல்லாத வெறும் என்பிஎன் வகை டிரான்சிஸ்டரை வைத்திருக்கிறேன். அதில் மின்னூட்டம் தங்கும் நேரம், சந்திக் கொள்திறன் எல்லாமே பூஜ்யம். உலகத்தில் அப்படி ஒரு டிரான்சிஸ்டர் கிடையாது. பட்டியலிலிருந்து 2என்3904 என்ற நிஜ டிரான்சிஸ்டரை எடுத்து வைத்தேன். அப்புறம்தான் நிஜம் தெரிந்தது. பேஸுக்கான சிக்னல் 0க்கு வந்துவிட்டது, கலெக்டரோ ஏறாமல் கீழேயே கிடக்கிறது. கொஞ்ச நேரம் பொறுத்துத்தான் எழுந்திருக்கிறது.

உனக்கு இதை விளக்க வேண்டியதில்லை, நம் அம்மாக்கள் பாலுக்காக ரப்பர் மரம் வெட்டியதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கத்தியை எடுத்துவிட்டாலும் மங்குக் கிண்ணத்தில் பால் சொட்டிக்கொண்டேதான் இருக்கும். பேஸில் தேவைக்கு மேல் ஏற்றிய மின்னூட்டமும் வடிந்து தீரும்வரை டிரான்சிஸ்டர் அணையாது.

சரி, பேஸ் ரெசிஸ்டரை 10 கிலோ ஓம் ஆக்கினால் தீர்ந்தது என்று நினைத்தேன். தாமதம் கொஞ்சம்தான் குறைந்தது! இரவெல்லாம் யோசித்த பிறகு புரிந்தது. உள்ளே தள்ளும் மின்னோட்டம் குறைகிற அளவுக்கு, வெளியே இழுக்கும் மின்னோட்டமும் குறைகிறது. அந்த ரெசிஸ்டருக்குக் குறுக்கே 100 பிக்கோ ஃபாரட் கண்டன்சர் வைத்ததும், சிக்னல் விழும் கணத்தில் அது மின்னூட்டத்தை உறிஞ்சிவிட்டது. அதைவிட அழகு, பேஸிலிருந்து கலெக்டருக்கு ஷாட்கி என்ற வேகமான டயோடு ஒன்று. டிரான்சிஸ்டரை முழுசாக நிரம்பவே விடுவதில்லை.

இதைப் பார்த்ததும் நாம் டிவி பழுது பார்த்த நாட்கள் நினைவுக்கு வந்தன. லைன் அவுட்புட் டிரான்சிஸ்டரைப் புதிதாக மாட்டுவோம், ஒரு மாதத்தில் அதே டிவி திரும்பி வரும். மட்டமான பொருள் என்போம். திரையில் படத்தை வரிவரியாக ஓட்டுவது அந்த டிரான்சிஸ்டர்தான், ஒரு வரிக்கு 64 மைக்ரோ விநாடிதான். அந்தப் பெரிய டிரான்சிஸ்டர் அணையவே அதில் சில மைக்ரோ விநாடி போய்விடும். பேஸ் ஓட்டம் கூடினாலும் குறைந்தாலும் அது சூடேறிச் சாகும். அதன் பேஸை ஓட்டும் டிரைவர் பக்கம் காய்ந்துபோன கண்டன்சரை எத்தனை தடவை பார்க்காமல் விட்டோமோ! தோட்டத்து ஜனங்கள் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கொடுத்த வெள்ளி அது. நினைத்தால் மனசு கேட்கவில்லை.

தீபாவளிக்குக் கூலிமிலிருந்து வரும்போது உன் ஆசிலோஸ்கோப்பைக் காரில் போட்டுக்கொண்டு வா. 2என்3904இன் தரவுத்தாளில் இந்தத் தாமதம் 200 நானோ விநாடி வரை என்று போட்டிருக்கிறது, கலெக்டரில் 10 மில்லி ஆம்பியர், பேஸில் 1 என்ற நிலையில். அதே நிலையில் பலகையில் கட்டி வைக்கிறேன். சேர்ந்தே அளந்து பார்ப்போம்.

அண்ணியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்