தோற்றுப்போன கிணறுகளின் கணக்கையும் காட்டுங்கள்

கரியமில வாயுவைப் பிடித்து நிலத்துக்கடியில் சேமிப்பதில் ஒத்துழைப்போம் என்று ஒப்பந்தம் போட்டிருக்கும் அரசுகளின் அமைச்சர்களுக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நீங்கள் கையெழுத்திட்டுக் கைகுலுக்கும் படங்களைப் பல வருடங்களாகப் பார்த்துவருகிறேன். பின்னால் கொடிகள், முன்னால் தோலுறை போட்ட கோப்புகள். உள்ளே ‘தொழில்நுட்பப் பகிர்வு’, ‘அனுபவப் பரிமாற்றம்’ என்ற சொற்கள் தவறாமல் இருக்கும். எந்த அனுபவம், யாருடையது, எந்தத் தேதிக்குள் கைக்கு வரும் என்பது மட்டும் நான் படித்தவற்றில் அநேகமாக இருப்பதில்லை. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

நான் எரிவாயு ஆலையொன்றில் அமீன் அலகில், அதாவது அமீன் என்ற ரசாயனத்தால் எரிவாயுவிலிருந்து கரியமில வாயுவைப் பிரிக்கும் பிரிவில், வேலை பார்த்தவன். ஒரு கோபுரத்தில் வாயு கீழிருந்து ஏறும், அமீன் கரைசல் மேலிருந்து இறங்கும். இறங்குகிற வழியில் கரியமில வாயுவைப் பிடித்துக்கொள்ளும். அடுத்த கோபுரத்தில் ஏறத்தாழ 120 டிகிரிக்குச் சூடாக்கினால் பிடியை விட்டுவிடும். அவ்வளவுதான். 1930லேயே காப்புரிமை பெற்ற உத்தி இது.

காகிதத்தில் அவ்வளவுதான். நேரில் பார்த்தால், புதிதாக வந்த அமீன் தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். சில மாதம் கழித்து மாதிரி பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்தால் கஷாய நிறம். ஒருமுறை எங்கள் கோபுரம் நுரைக்க ஆரம்பித்தது. பாட்டிலைக் குலுக்கிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்போம், நுரை அடங்கவே அடங்காது. இரண்டு வாரம் மாற்றி மாற்றி எதையெதையோ செய்து பார்த்தோம். கடைசியில் பார்த்தால் செயலிழந்துபோன ஒரு கரி வடிகட்டிதான் காரணம். இதே கரைசலை வாங்கிய இன்னொரு ஆலையில் இதே தொல்லை இரண்டு வருடம் முன்பே வந்து, அவர்கள் சரிசெய்தும் இருந்தார்கள். ஒரு பயிற்சி வகுப்பின் இடைவேளையில், பேச்சோடு பேச்சாகத்தான் அது எங்களுக்குத் தெரிந்தது. “சொல்லியிருக்கலாமே” என்றதற்கு, “ஒப்பந்தத்தில் ரகசியக் காப்பு இருக்கிறதே” என்றார் அந்தப் பொறியாளர். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அந்த விதியை எழுதியவர்கள்மேல் இன்னும் இருக்கிறது.

நுரையால் எங்களுக்குப் போனது இரண்டு வாரம். பூமிக்கடியில் இதே கதை நடந்தால் போவது ஒரு கிணறு, சிலநேரம் ஒரு திட்டமே.

நோர்வே 1991இல் கார்பன் வரி போட்டது. அந்த வரியைத் தவிர்க்க, 1996இல் வடகடலில் ஸ்லைப்னர் எரிவாயுக் களத்தில், எரிவாயுவிலிருந்து எப்படியும் பிரித்தாக வேண்டிய கரியமில வாயுவைக் கடலடி மணற்கல்லுக்குள் செலுத்தத் தொடங்கினார்கள். வருடத்துக்குச் சுமார் 10 லட்சம் டன். சிக்கலில்லாமல் போனது. எல்லோரும் அதையே மேற்கோள் காட்டினோம். அப்புறம் 2008இல் அதே நாட்டின் ஸ்னோவிட் களம். அங்கே மணற்கல் அவ்வளவு தாராளமாக இல்லை. எதிர்பார்த்ததைவிட வேகமாக அழுத்தம் ஏறியது. 2011இல் அந்தப் பாறைப் படலத்தைக் கைவிட்டு, வேறொரு பாறைப் படலத்துக்கு மாற வேண்டியதாயிற்று. என்னைக் கேட்டால் ஸ்லைப்னரின் வெற்றியைவிட ஸ்னோவிட்டின் அழுத்த வரைபடம்தான் பெரிய சொத்து. அதை வெளியிட்டார்கள், அதனால்தான் நாம் இன்று அதைப் பற்றிப் பேசவே முடிகிறது.

அல்ஜீரியாவின் இன் சாலா எரிவாயுக் களமும் அப்படித்தான். 2004 முதல் 2011 வரை சுமார் 38 லட்சம் டன் செலுத்தினார்கள். கிணறுகளுக்கு மேலே பாலைவன நிலம் வருடத்துக்குச் சில மில்லிமீட்டர் உயர்வதைச் செயற்கைக்கோள் ரேடார் காட்டியது. வாயுவை மேலே வரவிடாமல் தடுக்கும் மூடுபாறையில் விரிசல் விழுமோ என்ற சந்தேகம் வந்ததும் நிறுத்தினார்கள். நிலத்தடி அழுத்தத்தை வானத்திலிருந்து கவனிக்கலாம் என்று உலகத்துக்குத் தெரிந்தது, அந்தத் தகவலைப் பூட்டிவைக்காததால்தான்.

குழாய்களுக்கும் இது பொருந்தும். 2020 பிப்ரவரியில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் சட்டார்ஷியா கிராமத்துக்கு அருகே, கனமழையால் மண் சரிந்து, கரியமில வாயுக் குழாய் உடைந்தது. காற்றைவிடக் கனமான வாயு தாழ்வான பகுதியில் தேங்கியது. ஆக்சிஜன் இல்லாமல் கார் எஞ்சின்கள் வழியிலேயே நின்றுபோயின. 45 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். வாயு எவ்வளவு தூரம் பரவும் என்று நிறுவனம் போட்டிருந்த கணக்கு குறைவானது என்பதை ஒழுங்குமுறை அமைப்பின் விசாரணை அறிக்கை சொன்னது. அந்த அறிக்கை யாரும் படிக்கும்படி இருக்கிறது. குழாய் போடப்போகும் ஒவ்வொரு நாடும் அதை முதலில் படிக்கட்டும்.

வாயுவைப் பிடித்துப் புதைப்பதெல்லாம் எண்ணெய் நிறுவனங்களுக்குச் சாக்குதானே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பாதி நியாயமான கேள்வி. இதுவரை பிடித்த வாயுவில் பெரும்பங்கு எண்ணெய்க் கிணறுகளில் மிச்ச எண்ணெயை வெளியே தள்ளத்தான் போயிருக்கிறது. உலகம் முழுவதும் உள்ள பிடிப்புத் திறன் வருடத்துக்குச் சுமார் 5 கோடி டன். எரிசக்தித் துறை வெளியிடுவதோ 3,700 கோடி டன்னுக்கு மேல். ஆனால் சிமென்ட்டை என்ன செய்வது? சூளையில் எதை எரித்தாலும், சுண்ணாம்புக்கல்லே சூட்டில் பிரிந்து கரியமில வாயுவைத் தருகிறது. சூரிய மின்சாரத்தால் அதை நிறுத்த முடியாது. நோர்வேயின் பிரேவிக் சிமென்ட் ஆலையில் பிடித்த வாயு கப்பலேறி, பிறகு 100 கிலோமீட்டர் குழாயில் போய், 2025இல் கடலடிக்குக் கீழே 2,600 மீட்டரில் இறங்கியது. அந்த அளவுக்கு வேலை நடக்கிறது.

இனி அந்தக் கப்பல்கள் எல்லை தாண்டும். 2023இலேயே பெல்ஜியத்தின் வாயு டென்மார்க்கின் கடலடிக்குப் போய்விட்டது. இதற்குச் சட்ட வழி செய்ய, கடலில் கழிவு கொட்டுவதைத் தடுக்கும் சர்வதேச உடன்பாடான லண்டன் நெறிமுறையில் 2009இல் ஒரு திருத்தம் கொண்டுவந்தீர்கள். மூன்றில் இரண்டு பங்கு உறுப்பு நாடுகள் ஏற்றால்தான் அது நடைமுறைக்கு வரும். ஏற்பவர்கள் வரிசை மிக மெதுவாகத்தான் நகர்ந்தது. 2019இல், சம்மதமுள்ள நாடுகள் தற்காலிகமாகப் பின்பற்றலாம் என்று ஒரு பக்கவாசல் திறந்தீர்கள். சரி, திறந்ததே நல்லது. அந்த வாசல் வழியாகப் போகும் இருதரப்பு ஒப்பந்தங்கள் ஒவ்வொன்றிலும் நான் தேடுவது ஒன்றைத்தான்: வாயுவை அனுப்பும் நாட்டுக்கு, அது இறங்கிய கிணற்றின் அழுத்தக் கணக்கைப் பார்க்க உரிமை உண்டா?

‘வணிக ரகசியம்’ என்று வக்கீல்கள் சொல்வார்கள். கரைசலின் கலவை ரகசியமாகவே இருக்கட்டும், அதை யாரும் கேட்கவில்லை. ஒரு டன்னுக்கு எவ்வளவு வெப்பம் செலவானது, ஆலை எத்தனை நாள் நின்றது, எங்கே துருப்பிடித்தது, அழுத்தம் எப்படி ஏறியது, இவையெல்லாம் எப்படி ரகசியம்? ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009 விதிப்படி, கிணற்றை மூடிப் பொதுவாக 20 வருடம் போல ஆனதும் பொறுப்பு அரசின் தலைக்கு வந்துவிடும். பொறுப்பு மக்களுக்கு, கணக்கு மட்டும் நிறுவனத்துக்கா?

முடியாத காரியமும் இல்லை. கனடாவின் ஆல்பர்ட்டாவில் குவெஸ்ட் என்ற வாயுச் சேமிப்புத் திட்டம் அரசுப் பணம் வாங்கியதற்கு ஈடாக வருடாந்தர அறிக்கைகளைப் பொதுவில் வைத்தது. இத்தகைய திட்டங்களுக்கு நிதி தருவதற்காக நடத்திய 100 கோடி பவுண்டு போட்டியைப் பிரிட்டன் 2015இல் ரத்து செய்தது. ஆனாலும் கட்டப்படாத அந்தத் திட்டங்களின் வடிவமைப்பு ஆவணங்களை வெளியிட்டது. கட்டாத ஆலையின் ஆவணத்தையே தர முடிந்ததென்றால், ஓடுகிற ஆலையின் கணக்கைத் தருவதில் என்ன தடை?

அடுத்த ஒப்பந்த வரைவில் சேர்ப்பதற்கு ஒரு பத்தி எழுதியிருக்கிறேன். மொழியை உங்கள் சட்டத்துறை திருத்திக்கொள்ளட்டும், தேதியை மட்டும் எடுத்துவிடாதீர்கள்:

“இந்த ஒப்பந்தத்தின்கீழ் பொதுப் பணம் பெறும் ஒவ்வொரு திட்டமும் தன் கிணறுகளின் அழுத்தம், செலுத்திய அளவு, ஆலை நின்ற நாட்கள், அதற்கான காரணங்கள் ஆகியவற்றை, அந்த ஆண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் எவரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். திட்டம் கைவிடப்பட்டாலும் இந்தக் கடமை தொடரும்.”

இப்படிக்கு,
அமீன் அலகின் முன்னாள் ஊழியன்