வாசித்துக் காட்டாத வாத்தியத்துக்கு ஏலமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பழைய பொருள்களை இணைய ஏலத்தில் வாங்குவது பற்றி நாளிதழ்களில் நிறைய வருகிறது. கேமரா, கைக்கடிகாரம், செல்போன் என்று ஒவ்வொன்றுக்கும் என்னென்ன பார்க்க வேண்டும் என்று எழுதுகிறார்கள், இசைக்கருவி பக்கம் மட்டும் யாரும் வருவதில்லை. பழைய கிதாரும் வயலினும் பழுது பார்ப்பது என் தொழில். இப்போதெல்லாம் என்னிடம் வருகிறவர்களில் பலர் ஏலத்தில் எடுத்த கருவியைப் பெட்டியோடு கொண்டுவந்து, "நல்ல விலைக்குக் கிடைத்தது, சின்ன வேலைதான் இருக்கும், பாருங்கள்" என்று மேசையில் வைக்கிறார்கள். அந்தச் சின்ன வேலைக்கு ஆகும் செலவைச் சொன்னதும் அவர்கள் முகம் மாறுவதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

என் கோரிக்கை இதுதான். இசைக்கருவியை ஏலத்துக்கு விடுகிற எவரும் அதை ஒரு நிமிடமாவது ஒலிக்கவைத்து எடுத்த வீடியோவைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று ஏலத் தளங்கள் விதி கொண்டுவர வேண்டும். இப்போது படம் இல்லாமல் யாரும் ஏலம் விடுவதில்லை, ஆனால் ஒலியைச் சேர்ப்பதும் சேர்க்காததும் பெரும்பாலும் விற்பவர் இஷ்டம்தான். ஒலிக்காகவே செய்த ஒரு பொருளை, அதன் ஒலியை ஒருவரும் கேட்காமலேயே விலை வைத்து முடிக்கிறோம். நிறம் பார்க்கிறோம், கீறல் எண்ணுகிறோம், பிராண்ட் பெயரைப் பெரிதாக்கிப் பார்க்கிறோம், அவ்வளவுதான்.

வாசிக்கத் தெரியாதவர் எப்படி வீடியோ எடுப்பார் என்று உடனே கேட்பார்கள். வாசிக்கவே வேண்டாம். கிதார் என்றால் ஆறு கம்பிகளையும் ஒவ்வொரு ஃபிரெட்டிலும், அதாவது கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு ஒவ்வொன்றிலும், அழுத்தி ஒருமுறை மீட்டினால் போதும், அதற்கு இசை தெரிய வேண்டியதில்லை, பொறுமை இருந்தால் சரி. ஒரே ஓர் இடத்தில் மட்டும் 'ஜீர்' என்று அதிர்ந்தால் அங்கே ஒரு ஃபிரெட் தூக்கியிருக்கிறது, அது சின்ன வேலை. வரிசையாகப் பல இடங்களில் அதிர்ந்தால் நெக் என்கிற கழுத்துப் பகுதி வளைந்திருக்கலாம், அதன் உள்ளே இருக்கிற இரும்புத் தண்டை, டிரஸ் ராட் என்போமே அதை, முறுக்கிச் சரிசெய்ய முடிகிறதா என்று பார்க்க வேண்டும். எங்கும் அதிராமல், ஆனால் கம்பிகள் ஃபிரெட்டைவிட்டு எங்கோ உயரத்தில் நிற்கின்றன என்றால் அதுதான் பெரிய செலவு. இரும்புக் கம்பி கிதாரில் கம்பிகள் எல்லாம் சேர்ந்து இழுக்கிற இழுப்பு சுமார் 70 கிலோ இருக்கும். வருஷக்கணக்கில் அதைத் தாங்கித் தாங்கி, நெக் உடலோடு சேர்கிற கோணமே மாறிப்போயிருக்கும். ஒட்டைக் கழற்றி, கோணத்தைத் திருத்தி, மறுபடி ஒட்டித்தான் அதைச் சரிசெய்ய முடியும். சாதாரண கிதாராக இருந்தால் இந்த வேலையின் கூலி அதே மாதிரி புதுக் கிதாரின் விலையையே தாண்டிவிடும். இதை ஏலத்துக்கு முன்பே கண்டுபிடிக்கலாம். 12ஆவது ஃபிரெட் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள் என்று விற்பவரிடம் கேளுங்கள். தடித்த கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவே இரண்டரை, மூன்று மில்லிமீட்டர் என்றால் பரவாயில்லை. நாலைத் தாண்டிவிட்டது, அதோடு உடலில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜில் கம்பி உட்காரும் எலும்புத்துண்டையும் உயரம் குறைக்க ஏற்கெனவே முடிந்தமட்டும் தேய்த்துவிட்டார்கள் என்றால் விட்டுவிடுங்கள்.

இந்த உயர விஷயத்தை நான் இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் பிள்ளைகள். புதிதாகக் கற்றுக்கொள்ள வருகிற குழந்தைக்கு ஏலத்தில் ஒரு கிதார் எடுத்துக் கொடுக்கிறார்கள். கம்பி உயரமாக இருப்பதால் அழுத்த அழுத்த விரல் நுனி வலிக்கும், அழுத்தினாலும் சுருதி கூடிப்போகும். பிள்ளை தனக்கு வரவில்லை என்று நினைத்துக்கொள்கிறது, பெற்றோரும் அப்படியே நினைக்கிறார்கள், கொஞ்ச நாளில் கிதார் அலமாரிக்கு மேலே போய்விடுகிறது. அப்புறம் அதே கிதார் "அதிகம் பயன்படுத்தாதது" என்ற வரியோடு இன்னொரு ஏலத்துக்கு வருகிறது. பிள்ளையிடம் குறையே இல்லை, குறை மரத்தில் இருந்தது. என்னைப் போன்றவர்கள் பழுதான கருவியைத் தெரிந்தே வாங்கிச் சரிசெய்துகொள்வோம், எங்களுக்கு வீடியோ தேவையில்லை. முதல் கருவி வாங்குகிறவர்களுக்குத்தான் இந்த விதி வேண்டும்.

"சோதித்துப் பார்க்கவில்லை, உள்ளது உள்ளபடி" என்ற வரியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். உண்மையாகவே தெரியாதவர்களும் அப்படிப் போடுகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் மின்சாரத்தில் ஓடும் கீபோர்டை வைத்துக்கொண்டு, பிளக்கைச் சொருகிப் பார்க்க நேரமில்லை என்று ஒருவர் சொன்னால் எப்படி நம்புவது? ரோலண்ட் ஜூனோ 106 என்று 1984இல் வந்த சின்தசைசர் இருக்கிறது, இன்றைக்கும் ஏலத்தில் அடித்துக்கொண்டு வாங்குகிறார்கள். அதில் ஒரே நேரத்தில் ஆறு சுரங்கள், குரல்கள் என்போமே அவை, ஒலிக்கும், ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனிச் சிப். அந்தச் சிப்புகள் வயதாக வயதாகக் கெட்டுப்போவது எல்லோருக்கும் தெரிந்த குறை. கீயை ஒருமுறை தட்டிக் காட்டினால் இது தெரியாது. ஒரே கீயைத் திரும்பத் திரும்பத் தட்டினால் குரல்கள் ஒவ்வொன்றாக மாறி மாறி வரும், ஒன்று மட்டும் கரகரக்கும் அல்லது ஊமையாகிவிடும். பத்து விநாடி வேலை. இதையே 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 உடன் ஒப்பிட்டுப் பாருங்கள். அதில் சேமித்த ஒலிகள் காணாமல் போயிருந்தால் பெரும்பாலும் உள்ளே இருக்கிற பேட்டரி தீர்ந்திருக்கும், அதை மாற்றிவிட்டு ஒலிகளைத் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டுமே பழுதான பழைய கீபோர்டுதான். ஒன்றில் நஷ்டம், இன்னொன்றில் நல்ல லாபம், அதைப் பிரித்துச் சொல்வது ஒலி மட்டுமே. வெளிநாட்டிலிருந்து வருவது என்றால் வோல்டேஜையும் கேட்டுவிடுங்கள். ஜப்பானில் 100 வோல்ட். 230 வோல்ட் வரும் வீட்டில் அதை நேராகச் சொருகினால் கதை முடிந்தது.

சாக்ஸபோனுக்குக் கண்டிப்பாக வாசிக்கத் தெரிந்தவர் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். கீழ் சுரங்கள் மெதுவாக ஊதும்போது சிரமமில்லாமல் வந்தால் துளைகளை மூடுகிற பேடுகள் ஒழுகவில்லை என்று ஓரளவு நம்பலாம். ஊத ஆளே கிடைக்கவில்லை என்றால், எல்லாப் பேடுகளையும் மாற்ற வேண்டிவரும் என்று வைத்துக்கொண்டே விலை சொல்லுங்கள்.

வயலினில் வேறொரு தொல்லை. உள்ளே ஒட்டியிருக்கிற காகிதத்தில் இத்தாலியின் புகழ்பெற்ற வயலின் செய்கலைஞர் ஸ்ட்ராடிவாரி பெயரும் 1700களின் ஒரு வருஷமும் இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஜெர்மனி, பொஹீமியா (இன்றைய செக் நாட்டுப் பகுதி), பிரான்ஸ் பட்டறைகளில் ஏராளமாகச் செய்த மாணவர் வயலின்களில் அந்தச் சீட்டை ஒட்டி அனுப்பினார்கள். எந்த மாதிரியைப் பார்த்துச் செய்தது என்பதற்கான அடையாளம் அது. 1890இல் அமெரிக்கா கொண்டுவந்த சுங்கச் சட்டப்படி, இறக்குமதியாகும் பொருளில் எந்த நாட்டில் செய்தது என்று குறிக்க வேண்டியதாயிற்று. அதனால்தான் 1716 என்று போட்ட அதே சீட்டின் அடியில் 'ஜெர்மனி' என்றும் அச்சாகியிருக்கும். அவற்றில் நல்ல ஒலி உள்ள வயலின்கள் உண்டு, நானே பலவற்றைச் சரிசெய்து கொடுத்திருக்கிறேன். சீட்டுக்காகப் பணம் கொடுக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

அப்படி ஒரு வயலின் சமீபத்தில் என் மேசைக்கு வந்தது. வார்னிஷ் அழகாக இருந்தது, வில், பெட்டி எல்லாம் இருந்தன. பின்பலகையை விளக்குக்குச் சாய்த்துப் பார்த்தேன். பிரிட்ஜின் வலதுகாலுக்குப் பக்கத்தில் உள்ளே சவுண்ட்போஸ்ட் என்கிற சின்ன மரக்குச்சி நிற்கும், ஒட்டாமல் இறுக்கத்தாலேயே நிற்கிற குச்சி. அது பின்பலகையைத் தொடுகிற இடத்தில், மரத்தின் ரேகையோடு ரேகையாக, முடி மாதிரி ஒரு கோடு. நகத்தால் வருடினால் தட்டுப்பட்டது. வயலினில் இதைவிட மோசமான விரிசல் இல்லை, உள்ளே வேறு மரத்துண்டைப் பதித்துத்தான் தாங்கவைக்க வேண்டும், அதற்கப்புறமும் வயலினின் மதிப்பு பாதிக்குக் கீழே போய்விடும். விற்றவர் போட்ட படங்களை வாங்கியவர் எடுத்துக் காட்டினார். பின்பலகைப் படத்தில் அதே இடத்தில் ஃபிளாஷ் வெளிச்சம் பளீரென்று அடித்திருந்தது. வேண்டுமென்றே செய்தாரா என்று எனக்குத் தெரியாது. வாங்குவதற்கு முன் பின்பலகையைச் சாய்வான வெளிச்சத்தில் இன்னொரு படம் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

வாங்கியவர் ஏன் கேட்கவில்லை? ஏலம் முடிய நாலு நிமிடம் இருக்கும்போதுதான் அதைப் பார்த்தாராம். இங்கேதான் என் இரண்டாவது கோரிக்கை. பல தளங்களில் கெடு வந்ததும் கதவு டக்கென்று சாத்தப்படுகிறது, ஆகவே எல்லோரும் கடைசி விநாடியில் வந்து குதிக்கிறார்கள். ஆல்வின் ராத், ஆக்சல் ஆக்கன்ஃபெல்ஸ் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வில் இதை ஒப்பிட்டிருக்கிறார்கள். ஈபே என்ற ஏலத் தளத்தில் கெடு மாறாது. அந்நாளில் அமேசான் நடத்திய ஏலத்தில், கடைசி நேரத்தில் யாராவது விலை ஏற்றினால் அதிலிருந்து பத்து நிமிடம் யாரும் ஏற்றாமல் இருந்தால்தான் ஏலம் முடியும். கடைசி நேரப் பாய்ச்சல் ஈபேயில்தான் மிக அதிகம். நேரம் நீளும் என்று தெரிந்தால் பதறத் தேவையில்லை, யோசிக்கலாம். இசைக்கருவிக்காவது இந்த முறையை எல்லாத் தளங்களும் கொண்டுவரலாமே.

அதுவரை நாம் செய்யக்கூடியது, நம் உச்சத் தொகையை முதலிலேயே தீர்மானித்துவிடுவது. இதைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். ஈபே போன்ற தளங்களில் உச்சத் தொகை 100 என்று போட்டால் 100 கொடுக்க வேண்டும் என்பதில்லை. அடுத்த ஆள் 60இல் நின்றுவிட்டால், 60க்குக் கொஞ்சம் மேலே உங்களுக்குக் கிடைத்துவிடும், மீதியைத் தளம் யாருக்கும் காட்டாது. பொருளியலாளர் வில்லியம் விக்ரி 1961இல் எழுதிய ஏலக் கணக்கும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறது: கொடுக்க வேண்டியது இரண்டாவது ஆளின் விலை என்றால், உங்களுக்கு அந்தப் பொருள் எவ்வளவு பெறுமோ அதை மறைக்காமல் சொல்வதே நல்லது. 1996இல் அவருக்கு நோபல் கிடைத்தது. சரி, அந்த 100ஐ எப்படித் தீர்மானிப்பது? நல்ல நிலையில் உள்ள அதே கருவி இதற்குமுன் முடிந்த ஏலங்களில் என்ன விலைக்குப் போனது என்று பாருங்கள், கேட்கிற விலையைப் பார்க்காதீர்கள். அதிலிருந்து கூரியர் செலவு, சுங்க வரி, புதுக் கம்பி, பழுதுக்கூலி எல்லாம் கழியுங்கள். வீடியோ இல்லையா, பெரிய பழுது இருக்கிறது என்றே கழியுங்கள். வருகிற எண்ணைப் போட்டுவிட்டுத் திரையை மூடிவிடுங்கள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஏற்றுகிறபோது எதிரில் இருப்பவர் விற்பவரின் ஆளாகக்கூட இருக்கலாம்.

வீடியோவிலும் ஏமாற்றலாம் என்பார்கள். ஆமாம், ஆகவே சீரியல் நம்பரைக் காட்டிவிட்டு, வெட்டாமல் அதே ஷாட்டில் மீட்டிக் காட்ட வேண்டும் என்று விதியில் சேர்க்க வேண்டும். செல்போன் மைக்கில் ஒலியின் இனிமை தெரியாமல் போகலாம், குறை தெரியும். நேர்மையான விற்பனையாளருக்கும் இதில் நல்லதே, நன்றாக ஒலிக்கிற கருவிக்குக் கூடுதல் விலை கிடைக்கும். 1721இல் ஸ்ட்ராடிவாரி செய்த 'லேடி பிளண்ட்' வயலின் 2011இல் டாரிசியோ நிறுவனத்தின் இணைய ஏலத்தில்தான் 1 கோடியே 59 லட்சம் டாலருக்குப் போனது. அந்த மாதிரி நிறுவனங்கள் ஏலத்துக்கு முன் கருவிகளைக் காட்சிக்கு வைத்து, வாசித்துப் பார்க்கவும் விடுகின்றன. கோடிக்கணக்கில் செலவழிப்பவருக்கு இருக்கிற வசதியில் ஒரு நிமிடத்தையாவது சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்குகிறவருக்கும் கொடுக்கலாம்.

நாடு விட்டு நாடு வரும் கருவியின் மரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல் சர்வதேச வணிகத்தில் மிகக் கடுமையான கட்டுப்பாட்டில் இருக்கிறது, அனுமதித் தாள் இல்லாமல் வந்தால் சுங்கத்தில் நின்றுவிடும். மற்ற ரோஸ்வுட் வகைகளுக்கு 2017இல் வந்த கெடுபிடி, செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு மட்டும் 2019இல் தளர்ந்தது. தந்தக் கீ வைத்த பழைய பியானோவை வெளிநாட்டு ஏலத்தில் தொடவே தொடாதீர்கள்.

ஜெயித்த பிறகும் கொஞ்சம் வேலை இருக்கிறது. கம்பிகளைத் தளர்த்தி, கம்பி முறுக்குகிற தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்குக்குக் கீழே மெத்தை வைத்து அனுப்பச் சொல்லி எழுதிக் கேளுங்கள், கிதார் உடைவது பெரும்பாலும் அங்கேதான். குளிரான இடத்திலிருந்து வந்த பார்சலை உடனே திறக்க வேண்டாம், சில மணி நேரம் அறையில் அப்படியே வைத்திருங்கள், இல்லையென்றால் பழைய பாலிஷ் வெடிப்பு விடும். திறக்கும்போது வீடியோ எடுங்கள். அன்றைக்கே எல்லாச் சுரங்களையும் சோதித்துவிடுங்கள், புகார் சொல்லும் கெடு சீக்கிரம் முடிந்துவிடும், திருப்பி அனுப்ப அதே பெட்டி வேண்டும் என்பதால் அட்டையைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள்.

ஏலத் தளம் நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் அந்த ஒரு நிமிட வீடியோ விதியைப் பற்றிப் பதில் எழுத வேண்டும், ஆசிரியர் அதையும் இதே பகுதியில் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இசைக்கருவிகள் பழுது பார்க்கும் வாசகர்